மலை ஆற்றில் ட்ரவுட் தூண்டில்: இறங்கலாமா, கரையில் நிற்கலாமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆவணியில் கனடாவில் இருந்து மச்சான் வருகிறாராம். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு இருவரும் நுவரெலியாப் பக்கம் போய், மலை ஓடைகளில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங், அதாவது பூச்சிபோலச் செய்த கொக்கியால் தூண்டில் போடுதல், செய்யப் போகிறார்களாம். மச்சானுக்கு அந்தத் தூண்டில் பழக்கம். தம்பிக்குப் பழகியது கடல்நீரேரியும் கிணறும்தான். "முழங்கால் அளவு தண்ணீர்தானே, இதற்கெல்லாம் யோசிப்பதா என்று மச்சான் சொல்கிறார். ஆறு இறங்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று எப்படி மட்டுக்கட்டுவது?" என்பது கேள்வி.

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலை ஆற்றை ஆழத்தைக் கொண்டு மட்டுக்கட்டாதீர்கள். அங்கே ஆளைக் கொல்வது இழுவை. அந்த இழுவை நீங்கள் நிற்கும் இடத்தில் பிறப்பதும் இல்லை; மேலே, உங்கள் கண்ணுக்கு எட்டாத மலையில் பெய்யும் மழையில் பிறக்கிறது. நான் வலிகாமத்தில் பிறந்து, வேலைக் காலத்தின் பெரும்பகுதியை மலையகத்து ஓடைகளில் நீரளவை எடுப்பதில் கழித்தவன். தூண்டில் பழகியதும் அங்கேதான். அதனால் இரண்டு தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேர்ந்துவிடும். எங்கள் கடல்நீரேரியோ மிகவும் ஆழம் குறைந்தது. குருநகர், பாசையூர் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நின்று தொழில் செய்வார்கள். அங்கே "எவ்வளவு ஆழம்?" என்று கேட்பது சரியான கேள்வி. சிறு வயதில் இருந்து அந்தக் கேள்வியோடு வளர்ந்தவர்கள் மலை ஓடையின் கரையில் நின்றும் அதையே கேட்கிறார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே வரும் தண்ணீர், சரிவில் ஓடும்போது, திடகாத்திரமான ஆளையே காலை வாரி விழுத்திவிடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உங்கள் காலில் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நேற்று நின்ற அதே இடத்தில், அதே ஆழத்தில், இன்று நிற்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது காற்று. ஆவணியில் யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசிக்கொண்டிருக்கும். வானம் வெளித்துக் கிடக்கும், நல்லூர் வீதியில் மணல் கால் சுடும், மழை என்ற பேச்சே இருக்காது. அதே சோளகம்தான் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை அது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டுகிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் நாள் முழுக்கத் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். மலைமுகட்டைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கினால் அதே நாளில் வெயிலும் வறண்ட காற்றும். ஆகவே கொக்குவிலில் வானத்தைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். விடுதியின் வாசலில் நின்று பார்த்தாலும் போதாது. நீங்கள் இறங்கப்போகும் ஓடை எந்த மலையில் இருந்து வருகிறதோ அந்த மலையில் நேற்றும் இன்றும் என்ன பெய்தது என்பதுதான் தெரிய வேண்டும். அதை அறிய மிக நல்ல வழி, மேலே உள்ள தோட்டத்தில் இருப்பவர்களைக் கேட்பது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விடியப்புறத்தில் பெய்த மழையை மணிக்கணக்கோடு சொல்வார்கள். அவர்களும் தமிழர்கள்தாம், கேட்டால் அன்பாகச் சொல்வார்கள். ஆற்றைக் கடக்கும் எந்தக் கடவையில் யார் அள்ளுண்டு போனார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

புறப்படும் முன் பார்க்க வேண்டிய அறிவித்தல்கள் மூன்று. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை எதிர்வுகூறல் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை இன்னொன்று. அது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக ஏறும். மூன்றாவது, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்டங்கள். மூன்றாவதில் ஒரு குறை உண்டு. அந்த அளவுகோல்கள் மகாவலி, களனி போன்ற பேராறுகளில் நிற்கின்றன. நீங்கள் தூண்டில் போடும் சின்ன ஓடைக்கு அளவுகோல் இல்லை. மச்சான் கனடாவில் ஆற்றின் நீரோட்டத்தைக் கைத்தொலைபேசியிலேயே, வினாடிக்கு இத்தனை கனமீற்றர் என்று, வரைபடமாகப் பார்த்துப் பழகியிருப்பார். அந்த வசதி இங்கே கிடைக்காது என்பதை அவருக்கு விளங்கப்படுத்துங்கள். அளவுகோலை நாமே கரையில் நட வேண்டியதுதான்.

அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். கரைக்குப் போனதும் தூண்டிலைக் கட்டத் தொடங்காதீர்கள். தண்ணீரின் ஓரத்தில், ஓட்டம் அமைதியாக இருக்கும் மூலையில், விரல் தடிப்புச் சுள்ளி ஒன்றைக் குத்தி, நீர்மட்டம் தொடும் இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுங்கள். பிறகு பக்கத்தில் உள்ள பாறையைக் குனிந்து பாருங்கள். தண்ணீருக்கு மேலே இரண்டு விரற்கடை அகலத்தில் கறுத்த ஈரப்பட்டை ஒன்று தெரிந்து, அதற்கு மேல் பாறை சாம்பல் நிறமாகக் காய்ந்திருந்தால், ஆறு வற்றிக்கொண்டு போகிறது. ஈரப்பட்டையே இல்லாமல் காய்ந்த பாறையை நேரடியாகத் தண்ணீர் நக்கிக்கொண்டு, அந்த விளிம்பில் புல்லும் சருகும் நுரையும் ஒரு கோடாக மிதந்தால், ஆறு ஏறுகிறது. தூறல் நாளில் பாறை முழுவதும் நனைந்திருக்கும், இந்த அடையாளம் உதவாது. அப்போது சுள்ளி ஒன்றே சாட்சி. கால் மணிநேரம் பொறுத்துப் பாருங்கள். வெட்டு மூழ்கியிருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் கால் வைக்கும் கதையே வேண்டாம். எவ்வளவு மூழ்கியது என்ற விவாதமும் வேண்டாம். மலை ஓடை விரலளவு ஏறினால் அடுத்தது முழ அளவாக இருக்கலாம்.

சுள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நிறத்தையும் பாருங்கள். காடும் புற்றரையும் உள்ள உயர்நிலத்து ஓடைகளில் தண்ணீர் இயல்பாகவே வெறும் தேநீர் நிறத்தில், ஆனால் தெளிவாக ஓடும். அதில் தவறில்லை. பால் கலந்ததுபோலக் கலங்கினால் மேலே மண் கரைகிறது என்று பொருள். கலங்கிய தண்ணீரில் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது; முழங்கால் ஆழத்தில் உங்கள் சப்பாத்து உங்களுக்குத் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். நடு ஓட்டத்தில் குச்சிகளும் பச்சை இலைகளும் அள்ளுண்டு வந்தாலோ, தண்ணீருக்கு அடியில் கல்லோடு கல் உருண்டு மோதும் மந்தமான ஒலி கேட்டாலோ, ஆறு தன் படுக்கையையே நகர்த்துகிறது. அந்த ஒலி கேட்ட இடத்தில் கரையோரத்தில்கூட நிற்கக் கூடாது.

இப்போது இழுவையை அளப்பதற்கு வருவோம். இதை எண்ணிலேயே அளக்கலாம், கடினமான கணக்கு அல்ல. கரையில் ஐந்து மீற்றர் தூரத்தை அடியெடுத்து அளந்து, ஒரு சருகை நடு ஓட்டத்தில் எறிந்து, அது அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி எடுக்கிறது என்று பாருங்கள். ஐந்து வினாடி எடுத்தால் வேகம் வினாடிக்கு ஒரு மீற்றர். அந்த வேகத்தை நீங்கள் இறங்க எண்ணும் ஆழத்தால் பெருக்குங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் ஆற்றில் இறங்கி நீரளவை எடுப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: அடிக்கணக்கில் சொன்ன ஆழத்தை வினாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி வருவது 10ஐத் தொட்டால் இறங்கக் கூடாது. மீற்றர்க் கணக்கில் அது ஏறத்தாழ 0.9. அது பயிற்சி பெற்று, முறையான சப்பாத்தும் மிதவை அங்கியும் அணிந்தவர்களுக்கான எல்லை. முதன்முறை இறங்குபவருக்கு நான் சொல்வது அதில் பாதி, 0.45. முழங்கால் ஆழம் அரை மீற்றர் என்று வையுங்கள். சருகு ஐந்து வினாடியில் போனால் பெருக்கம் 0.5. உங்களுக்கு அதுவே சற்றுக் கூடுதல், ஓரத்தில் நின்று தூண்டிலை எறியுங்கள். தொடை நடுவளவு, அதாவது முக்கால் மீற்றர் ஆழத்தில், சருகு மூன்று வினாடியில் போனால் பெருக்கம் 1.25. அங்கே மச்சானும் நிற்கக் கூடாது, அவர் கனடாவில் எத்தனை ஆற்றைக் கண்டிருந்தாலும் சரி. மேற்பரப்பின் வேகம் உள்ளோட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் இந்தக் கணக்கு எச்சரிக்கையின் பக்கமே சாயும், சாயட்டும்.

கணக்கு இறங்கலாம் என்று சொன்னாலும் இன்னும் ஒரு பார்வை பாக்கி. நீங்கள் விழுந்தால் எங்கே போய்ச் சேர்வீர்கள்? ஆற்றோடு கீழே ஐம்பது அறுபது மீற்றர் நடந்துபோய்ப் பாருங்கள். அகன்று ஆழம் குறைந்த மணற்பாங்கான இடம் வந்தால் நல்லது. அருவி, பாறை இடுக்கு, குறுக்கே விழுந்து கிடக்கும் மரம் இருந்தால், மேலே ஓட்டம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். விழுந்த மரத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் கூடுதலாக அஞ்சுவேன். தண்ணீர் கொப்புகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், ஆள் போக மாட்டார். ஓட்டம் அவரை அங்கேயே அழுத்திப் பிடித்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததை எல்லோரும் அறிவோம். அத்தனை சரிவுகள் இடிந்து ஓடைகளுக்குள் இறங்கிய பிறகு, பழைய கடவையும் பழைய மடுவும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. முன்பு அங்கே மீன் பிடித்தவர் சொல்லும் வழியைக்கூடப் புதிதாகப் பார்த்தே நம்ப வேண்டும்.

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் அந்த நீச்சல் இங்கே ஒரு விதத்தில் எதிராக வேலை செய்யும். கிணற்றிலும் கடல்நீரேரியிலும் பழகியவர் விழுந்ததும் செய்வது, காலை ஊன்றி எழுந்து நிற்கப் பார்ப்பது. வேகமான ஓட்டத்தில் அதைச் செய்தால் கால் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். பின்னால் இருந்து தண்ணீர் முதுகில் தள்ளும். ஆள் முகம் குப்புறச் சாய்ந்து மூழ்குவார். முழங்காலளவு தண்ணீரில் ஆட்கள் இறப்பது பெரும்பாலும் இப்படித்தான். விழுந்துவிட்டால் மல்லாந்து கிடவுங்கள். கால்கள் ஆற்றின் போக்கில் முன்னே, பெருவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய. வரும் பாறையைப் பாதத்தால் உதைத்துத் தள்ளி, கைகளால் கரைப் பக்கமாகச் சரிந்து துடுப்புப் போடுங்கள். முதுகு தரையில் உரசும் அளவுக்கு ஆழம் குறைந்த பிறகே எழுந்து நிற்க வேண்டும். குறுக்கே மரம் வந்தால் மட்டும் இதற்கு நேர்மாறு: குப்புறத் திரும்பி, தலை முன்னே போக, முழுப் பலத்தோடு நீந்தி அதன் மேலே ஏறப் பாருங்கள். தூண்டிலைக் கைவிட்டுவிடுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் கைவிடுங்கள். மச்சானுடையதாக இருந்தால் இதை அவரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

குளிரும் உங்களுக்குப் புதிது. யாழ்ப்பாணத்தில் தண்ணீர் உடம்புச் சூட்டுக்குக் கிட்டவே இருக்கும். ட்ரவுட் குளிர்நீர் மீன், அது வாழும் ஓடை குளிரத்தான் செய்யும். 15 பாகைக்குக் குறைந்த தண்ணீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு தானாகவே இழுத்து அடிக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும் கணத்தில் அது நடந்தால் தண்ணீரையே குடிப்பீர்கள். அந்த முதல் நிமிடத்தில் நீந்தப் போராடாமல், முகத்தை மேலே வைத்து மூச்சைச் சீராக்குவதுதான் வேலை. கடல்நீரேரியின் உப்புத் தண்ணீர் உங்களைத் தாங்கிய அளவுக்கு நன்னீர் தாங்காது என்பதும் அப்போது தெரியும்.

வேடர் எனப்படும் நீர்புகாத நெடுங்காற்சட்டையை மச்சான் கொண்டுவருவார். அதை அணிந்தால் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டுங்கள். வேடருக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளைக் கீழே இழுக்கும் என்ற பேச்சு சரியல்ல, தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரம் இல்லை. கரையேறும்போதுதான் அது பாரமாகி, எழும்ப முடியாமல் செய்யும். பட்டி இறுக்கமாக இருந்தால் அவ்வளவு தண்ணீர் உள்ளே போகாது. இறப்பர்ச் செருப்போடு ஓடையில் இறங்க வேண்டாம். பாசி பிடித்த கல்லில் அது நிற்காது. நடக்கும்போது மார்பளவு உயரமான தடி ஒன்றை ஓட்டத்தின் மேற்பக்கமாக ஊன்றி, மேலோட்டத்தைப் பார்த்தபடி, பக்கவாட்டில் காலை உரசி உரசி நகருங்கள். ஒரு காலைத் தூக்கி மற்றதன் குறுக்கே வைக்கக் கூடாது. கடக்க வேண்டுமானால் ஆறு அகன்று சலசலக்கும் நேரான இடத்தில், சற்றுக் கீழ்நோக்கிச் சரிவாகக் கடவுங்கள். வளைவின் வெளிப்புறக் கரையில் எப்போதும் மடு இருக்கும். போன வழியில் திரும்பி வர முடியுமா என்பதை முதல் அடியிலேயே யோசியுங்கள், ஏனென்றால் நீங்கள் அக்கரையில் இருக்கும்போது ஆறு ஏறலாம்.

இவ்வளவும் கேட்டு, பயணமே வீணாகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். இறங்கக் கூடாத ஆறு, ட்ரவுட் பிடிக்கவும் உதவாத ஆறு. இந்தத் தூண்டிலில் இரையாகக் கட்டுவது பூச்சிபோல இறகும் நூலும் சுற்றிய கொக்கியை. கலங்கிப் பெருகிய தண்ணீரில் மீன் அதைக் காணாது; கண்டாலும் வேகத்துக்கு எதிராக நீந்தி வந்து எடுக்காது, கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். வெள்ளம் வற்றி, நிறம் தெளியத் தொடங்கும் முதல் நாள்தான் அருமையான நாள். அன்று மீன் பசியோடு இருக்கும், ஓட்டமும் பிடி தளர்ந்திருக்கும். ஆகவே ஒரு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் தங்கும்படி திட்டமிடுங்கள். காத்திருக்க நாள் கையில் இருப்பவர்தான் சரியாக முடிவெடுப்பார். மறுநாள் காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்து வைத்தவர் கலங்கிய ஆற்றையும் தெளிந்ததாகத்தான் பார்ப்பார்.

மழை இல்லாத நாளிலும் ஆறு ஏறும் இடம் ஒன்று உண்டு: அணைக்குக் கீழே. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை போன்றவற்றில் வான்கதவு திறந்தால் கீழே சில நிமிடங்களில் எல்லாம் மாறிவிடும். அபாயச் சங்கு ஒலித்தால் சாமானை அள்ள நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். நீங்கள் அணைகளுக்கு மேலே உள்ள ஓடைகளுக்கே போகிறீர்கள் என்றால் இது உங்களைத் தொடாது.

இடி கேட்டால் தண்ணீரை விட்டும் தூண்டிலை விட்டும் விலகுங்கள். ஒன்பது அடிக் கார்பன் தடியை வெட்டவெளியில் உயர்த்திப் பிடிப்பது மின்னலைக் கூப்பிடுவதற்குச் சமம். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் வாகனத்துக்குள் போய், கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடம் கழியும்வரை அங்கேயே இருங்கள். ஆவணியில் இது குறைவு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் மிகுதி. அந்த மாதங்களில் போகிறவர்கள் மதியத்தோடு முடித்துக்கொள்வது நல்லது.

மீனுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. தண்ணீர் 20 பாகையைத் தாண்டினால் ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டும். பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. சின்ன வெப்பமானி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட் இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் கொண்டுவந்து விட்ட மீன் அது. ஆனால் அந்த இடம் 1988 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே தூண்டிலோடு நுழைய முடியாது. வெளியே உள்ள ஓடைகளிலும் தோட்டத்து நிலத்தைக் கடப்பதற்குத் தோட்டத்தாரிடம் கேட்டுவிட்டே போங்கள்.

காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சலை மனதில் வைத்து மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தடுப்புக்கு மருந்து உண்டு.

கடைசியாக, மச்சான் விஷயம். அவர் உங்களைவிட மூத்தவராக இருக்கலாம், தூண்டில் அவருடையதாக இருக்கலாம், "வந்ததற்கு ஒருதரம் இறங்கிப் பார்ப்போம்" என்று கரையில் நின்று சொல்வார். ஆற்றங்கரையில் அந்த வாதத்தை உங்களால் வெல்ல முடியாது. அதனால் யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்படும் முன்பே, வீட்டில் தேநீர் குடிக்கும்போது, ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: இருவரில் யார் வேண்டாம் என்றாலும் அன்றைக்கு வேண்டாம், காரணம் கேட்பதில்லை. சுள்ளியில் போட்ட வெட்டு மூழ்கினால் இருவரும் வெளியேறுவது. ஒருவர் தண்ணீரில் நிற்கும்போது மற்றவர் கீழ்ப்பக்கக் கரையில், கயிற்றோடு நிற்பது. எந்த ஓடைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் எழுதிக் கொடுங்கள். பள்ளத்தாக்குகளில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் விடுதிக்காரரிடம் கொடுக்கும் அதே தாளில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணிநேரம் கடந்தும் நீங்கள் வராவிட்டால் அழைக்கும்படி எழுதுங்கள்.